திங்கட்கிழமை அப்பா

குண்டூசி என்பது அவளைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடும் பெயர் அல்ல. அப்பா வைத்த பெயர். ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை, வீட்டுக்குள்ளேயே எங்காவது புகுந்துகொண்டால் தேடி எடுப்பது கஷ்டம் என்று அதற்குக் காரணங்களும் சொல்வார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் வைத்து அப்பா அப்படிக் கூப்பிட்டால் மட்டும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல வேகமாக நடப்பாள்.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுபவர். நல்ல ஓட்டுநர் என்று அந்த வழித்தடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஓட்டும் வண்டியில் நின்றுகொண்டே தேநீர் குடிக்கலாம், ஒரு சொட்டுகூடச் சட்டையில் சிந்தாது என்று அவரோடு வேலை பார்க்கும் கண்டக்டர் மாமா சொல்வார். கண்டக்டர் மாமா எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர். இந்த விஷயத்தில் அவ்வளவாகக் கூட்டவில்லை. யாராவது கைக்குழந்தையோடு ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தால் அப்பா காத்திருப்பார். வயதானவர்கள் இறங்கும்போது, வண்டியின் படி நடைபாதையை ஒட்டி நிற்கும்படி பார்த்துப் பார்த்து நிறுத்துவார்.

ஒரே ஒரு குறை. வேலை முழுக்க உட்கார்ந்தபடியே. வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீர். கூடவே ஒரு பன். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் நாற்காலி.

அந்த வருடம் ஓட்டுநர்களுக்கான உடல் பரிசோதனையில் டாக்டரம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே உட்கார வைத்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, ரத்த அழுத்தமும் அப்படித்தான் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனிப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பேன், அப்போதும் இப்படியே இருந்தால் வண்டி ஓட்ட அனுமதிக்க முடியாது, பணிமனை அலுவலகத்தில்தான் வேலை என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது அப்பா இதை ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னார்.

"ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்கேனாம். அதனால டிரைவர் சீட்டுலேருந்து எழுப்பி, ஆபீஸ் சீட்டுல உட்கார வைப்பாங்களாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. குண்டூசியும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. தட்டில் மிச்சம் வைக்கிற ஆளே இல்லை அவர்.

"கவலைப்படாதீங்க. திங்கட்கிழமையிலேருந்து நடக்க ஆரம்பிச்சுடறேன்" என்றார் அப்பா.

அன்று புதன்கிழமை. நாளைக்கே ஆரம்பித்தால் என்ன என்று குண்டூசி கேட்டாள். எதையும் வாரத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்தால்தான் ஒழுங்காக வரும் என்று அப்பா விளக்கம் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. நடப்பதற்கு நல்ல ஷூ இல்லை என்பது அன்றுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது. அந்த வாரம் ஷூ வாங்கினார்கள். அடுத்த திங்கட்கிழமை ஷூ குதிகாலைக் கடித்தது, தடிமனான காலுறை வேண்டும் என்றார். காலுறை வந்தபோது அப்பாவுக்கு ஜலதோஷம் வந்தது. ஜலதோஷம் போனபோது சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். விருந்தாளிகளை வீட்டில் விட்டுவிட்டு நடக்கப் போவது மரியாதையாக இருக்காதாம்.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வில்லைகளை ஓரம் தேய்த்துச் சட்டத்தில் கச்சிதமாகப் பொருத்துவார். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பாவின் சாக்குகள் அவர் கண்ணில் படாமல் போகுமா? ஆனால் அம்மா சண்டை போடுகிறவர் இல்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "ஊர்ல எல்லாருக்கும் வாரம் ஒரு திங்கட்கிழமை வருது. உங்களுக்கு மட்டும் வரவே மாட்டேங்குது" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

குண்டூசியால் அப்படி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. ஷூவை எடுத்து வாசலில் வைத்தாள். அப்பா அதைத் தாண்டிப் போனார். காலையில் எழுப்பினாள். இன்னும் ஐந்து நிமிடம் என்று போர்வைக்குள் போனவர், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வெளியே வந்தார். டாக்டரம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினாள். பார்க்கலாம்மா என்றார். அவர் 'குண்டூசி' என்று சொல்லாமல் 'அம்மா' என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஒருநாள் மாலை. அப்பாவுக்குக் காலை நேர வேலை என்பதால் சீக்கிரமே வீட்டில் இருந்தார். அம்மாவும் வந்துவிட்டார். மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தன் தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி போட்டார், கொஞ்சம் யோசித்தார், இன்னொரு கரண்டியும் போட்டார். குண்டூசிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரம்பிக்கிறேன் ஆரம்பிக்கிறேன்னு சொல்றீங்களே தவிர, ஒருநாள்கூட ஆரம்பிச்சதில்லை. அதுக்குப் பேசாம, முடியாதுன்னே சொல்லிடலாம்பா."

அப்பா கரண்டியை மேஜையில் வைத்தார். அவர் முகம் வாடிப்போனது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று குண்டூசிக்குத் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

அம்மா எழுந்தார். அறைக்குள் போய் குண்டூசியின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து மேஜையின் நடுவில் வைத்தார். கழுத்து வரை தண்ணீர் இருந்தது.

"காலையில நான் நிரப்பிக் கொடுத்தது. அப்படியே வந்திருக்கு" என்றார். மறுபடி உட்கார்ந்து தன் தேநீரைக் குடித்தார்.

இந்தப் பாட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். குண்டூசிக்கு அடிக்கடி மாலையில் தலைவலி வரும். பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிக்காமல் இருந்தால் தலை வலிக்கத்தான் செய்யும் என்று வகுப்பு டீச்சரும் சொல்லிவிட்டார், அம்மாவும் சொல்லிவிட்டார். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அது மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அதற்குள் விளையாட்டு முடிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அது ஒன்றாம் வகுப்பில் வாங்கிய பாட்டில். அதில் மஞ்சள் வாத்து ஒன்று குடை பிடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பெண் எல்லோர் முன்னாலும் வாத்து பாட்டிலை எப்படி எடுப்பாள்? புது பாட்டில் வாங்கியதும் ஒழுங்காகக் குடிக்கிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது.

இப்போது அந்த வாத்து மேஜை நடுவில் நின்று அவளையே பார்த்தது. அப்பாவும் பார்த்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை மறைக்கத் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டார்.

குண்டூசியின் காது மடல் சூடானது. என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். மைதானம் பெரிசு என்று சொல்லலாம். வாத்தைப் பற்றிச் சொல்லலாம். வாய் திறக்கும்போதே, அது அப்பாவின் காலுறைக் கதை மாதிரியே இருக்கும் என்று புரிந்துபோனது.

மூடியைத் திருகினாள். பாட்டிலைத் தூக்கிக் குடித்தாள். காலையிலிருந்து பைக்குள் கிடந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். பாதிக்குமேல் காலியானதும் 'டொக்' என்று மேஜையில் வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஆரம்பிச்சுட்டேன்" என்றாள். "இப்ப நீங்க."

"இப்பவா?" என்றார் அப்பா. உடை மாற்ற வேண்டும், ஷூவைத் தேட வேண்டும், பொழுதும் சாயப் போகிறது என்று அடுக்கினார்.

"செருப்பு போதும்பா. தெருமுனை வரைக்கும்தான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார். காப்பாற்ற யாரும் இல்லை என்று தெரிந்ததும் அப்பா எழுந்தார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். எப்போதும் லிஃப்டில்தான் போவார்கள். அன்று குண்டூசி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள், அப்பாவும் பின்னாலேயே வந்தார். தெருவில் இறங்கி நடந்தார்கள். சாவி செய்யும் கடைக்காரர் அன்றைய கடைசி சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். சலவைக்கடைக் கதவிலிருந்து சோப்பு வாசனையோடு சூடான காற்று வந்தது. தினமும் வண்டியில் கடந்து போகிற தெருதான். நடந்து போகும்போது இவ்வளவு நீளமா என்று அப்பா கேட்டார்.

தெருமுனையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அப்பா அதில் உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று சொல்வதற்குத்தான் குண்டூசி வாயைத் திறந்தாள். எதிரே பூங்கா வாசல் தெரிந்தது, அதுவரை போனால் நன்றாக இருக்கும். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். 'அடுத்து இவள் பூங்கா என்று சொல்லப் போகிறாள்' என்ற பயம் அதில் எழுதி ஒட்டியிருந்தது.

"திரும்பலாம்பா" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தெருமுனைன்னுதானே சொன்னேன்."

அப்பா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். திரும்பி வரும்போது தானாகவே பேச ஆரம்பித்தார். அன்றைக்கு வண்டியில் ஒருவர் பெரிய நிலைக்கண்ணாடியோடு ஏறியதையும், பின்னால் வந்த எல்லோரும் அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டதையும் சொன்னார். பேச்சில் வீடு வந்ததே தெரியவில்லை.

மறுநாள் மாலை அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குண்டூசி நடக்கலாம் என்று சொல்லவில்லை. பையிலிருந்து வாத்து பாட்டிலை எடுத்தாள். அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். 'டொக்' என்று மேஜையில் வைத்தாள். செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. அப்பா எழுந்து செருப்பைத் தேடினார்.

அதற்குப் பிறகு அந்த 'டொக்' போதுமானதாக இருந்தது.

சில நாளில் தெருமுனை பூங்கா வாசலானது. பூங்கா வாசல் பூங்காவைச் சுற்றி வருவதானது. செருப்பு வழுக்குகிறது என்று அப்பாவே ஒருநாள் ஷூவைப் போட்டுக்கொண்டார். அது இப்போது கடிக்கவில்லை. தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை குறைந்தது, பிறகு இன்னொன்றும் குறைந்தது. முதல் இரண்டு நாள் மருந்து குடிப்பதுபோல மூஞ்சியைச் சுளித்தார். அப்புறம் பழகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வாத்துக்கு முதல் நாள் கொஞ்சம் வரவேற்பு கிடைத்தது. பின் பெஞ்சிலிருந்து யாரோ 'குவாக்' என்றார்கள். குண்டூசி திரும்பிப் பார்த்து, வாத்துக்கும் தாகம் எடுக்கும் என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். இரண்டு நாள் 'குவாக்' கேட்டது. மூன்றாம் நாள் சொன்னவர்களுக்கே சலித்துவிட்டது. மைதானத்துக் கோடிக்குப் போவதற்கு ஒரு தோழியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். இருவரும் போட்டி போட்டு ஓடிப் போய்விட்டு ஓடி வந்ததில் ஆட்டம் ஒன்றும் முடிந்துவிடவில்லை. தலைவலி என்றைக்கு நின்றது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அம்மா, தலைவலித் தைலம் தீரவே இல்லையே என்று கேட்டபோதுதான் அதை மறந்தே போயிருந்தது தெரிந்தது.

ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் குண்டூசி அப்பாவின் பேருந்திலேயே ஏறிப் பணிமனை வரை வந்திருந்தாள். மழை விட்டதும் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மழை விடுவதாக இல்லை. இன்றைக்கு நடக்கப் போனால் நனைந்துவிடுவோம், நாளைக்கு இரட்டிப்பாக நடந்துகொள்ளலாம் என்றார் அப்பா.

குண்டூசி சுற்றுமுற்றும் பார்த்தாள். உயரமான தகரக் கூரை. அதன் கீழே அன்றைய ஓட்டம் முடித்த பேருந்துகள் வரிசையாக, ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்தன. டீசலும் நனைந்த ரப்பரும் கலந்த வாசனை. வண்டிகளுக்கு நடுவே நல்ல அகலமான வழி.

"இங்க மழை பெய்யலையேப்பா" என்றாள்.

அப்பாவும் மகளும் பேருந்துகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு வரிசையில் போய் அடுத்த வரிசையில் திரும்பி வந்தார்கள். கணக்கை ஒப்படைத்துவிட்டு வந்த கண்டக்டர் மாமா இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, நம்ம வண்டி எதுன்னு மறந்துபோச்சா? இப்படித் தேடறீங்க?"

நடப்பதாக அப்பா சொன்னார். இதற்கெல்லாம் ஒரு நடையா, நான் சின்ன வயதில் மலையே ஏறியவன் என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். மலைக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் சுற்றில் மலை மிகவும் உயரமாக இருந்தது, வழியில் ஒரு கரடியும் வந்தது. இரண்டாவது சுற்றில் கரடி வருவது தாமதமானது. மூன்றாவது சுற்றில் மாமாவிடமிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது. இத்தனை வருடத்தில் இவர் வாய் மூடியதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அப்பா குண்டூசியின் காதில் சொன்னார். இருவரும் சிரித்த சிரிப்பில் மாமாவுக்குக் கோபம் வந்து, கரடியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தது. அவருடைய நேரத்தையும் அப்பாவே ஓட்ட வேண்டியதாயிற்று. குண்டூசி எழுவதற்கு முன்னால் போவார், அவள் தூங்கப் போகும் நேரத்தில் வருவார். கண் சிவந்திருக்கும். பேசக்கூடத் தெம்பு இருக்காது. குண்டூசி பாட்டிலைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிக்கொண்டாள்.

காய்ச்சல்காரர் குணமாகித் திரும்பி வந்தார். அப்பா பழையபடி மாலையில் வீட்டில் இருந்தார். முதல் நாள் களைப்பு என்று படுத்துவிட்டார். இரண்டாம் நாளும் செய்தித்தாள். தேநீரில் பழைய கரண்டிகள் திரும்பி வந்திருந்தன. மூன்றாம் நாள் குண்டூசி நன்றாகவே 'டொக்' என்று வைத்தாள். செய்தித்தாள் இறங்கவில்லை.

"விட்டுப்போச்சு குண்டூசி" என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "இத்தனை நாள் நடந்ததெல்லாம் வீணாப் போச்சு. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து புதுசா ஆரம்பிக்கலாம்."

அடுத்த மாதம்தான் டாக்டரம்மா பார்க்கப் போகிறார்.

குண்டூசிக்கு அழுகை முட்டியது. கூர்மையாக நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவற்றை விழுங்கிவிட்டு பால்கனியில் போய் நின்றுகொண்டாள். கீழே தெருவில் ஒரு பேருந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

உள்ளே வந்தபோது அப்பா மறுநாளைக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் காலரைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அப்பா, வண்டி பாதி வழியில நின்னுட்டா என்ன செய்வீங்க?"

வேலையைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிடும். என்ன கோளாறு என்று பார்ப்போம், சின்னதாக இருந்தால் நாங்களே சரி செய்வோம், இல்லையென்றால் பணிமனையிலிருந்து மெக்கானிக் வருவார் என்று விளக்கினார்.

"சரியானதும்?"

"எடுத்துட்டுப் போவோம்."

"முதல் ஸ்டாப்புக்குத் திரும்பப் போய், அங்கேருந்து மறுபடி வருவீங்களா?"

"அது எதுக்கு? உள்ள ஆளுங்க உட்கார்ந்திருப்பாங்க. பாதி தூரம் வந்தாச்சு. நின்ன இடத்துலேருந்து..."

அப்பா அப்படியே நிறுத்தினார். இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தது. குண்டூசி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றுவிட்டது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.

"நின்ன இடத்துலேருந்துதான் எடுப்போம்" என்று மெதுவாகச் சொல்லி முடித்தார் அப்பா.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். ஒரு கை மடிப்பும் மறு கை சுருக்கமுமாகச் சட்டை அப்படியே கிடக்க, "வா" என்றார்.

அன்று அம்மாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கூட வந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிறவளுக்கும் கால் இருக்கிறது என்றார். மூவரும் பூங்கா வாசல் வரைதான் போனார்கள். அப்பாவுக்கு அதற்கே மூச்சு வாங்கியது. ஆனால் முதல் நாள் அளவுக்கு இல்லை என்பதை அவரே கவனித்துச் சொன்னார். நடந்தது எல்லாம் வீணாகவில்லை, கொஞ்சம் உள்ளே தங்கித்தான் இருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம்.

பரிசோதனை நாள் ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்குக் கடையில் வேலை இருந்ததால் குண்டூசிதான் துணைக்குப் போனாள். ரத்தம் முதலிலேயே எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள். அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். குண்டூசி ஒரு கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"ஏன்பா அப்பவே ஆரம்பிக்கல?" என்று கேட்டாள். குத்துவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"நடந்தும் சரியாகலேன்னா என்ன பண்றதுன்னு பயம். ஆரம்பிக்காத வரைக்கும், ஆரம்பிச்சா சரியாயிடும்னு நினைச்சுக்கலாம் இல்லையா?"

பெரியவர்களுக்கும் இப்படிப் பயம் வரும் என்று குண்டூசி நினைத்ததில்லை. கழிப்பறையும் வாத்தும் அதற்கு முன்னால் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன. இப்போதும் பயமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா இப்ப கால் பழகிடுச்சு. என்ன சொன்னாலும் நாளைக்கும் நடப்பேன்."

அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா கணினித் திரையைப் பார்த்தார். அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அழுத்தம் பார்த்தார். ஒருமுறை பார்த்தது போதாதென்று மறுமுறையும் பார்த்தார்.

சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இறங்க வேண்டியது இன்னும் இருக்கிறது. அழுத்தம் சரியாகிவிட்டது. மாத்திரையை விடக்கூடாது, நடையையும் விடக்கூடாது, சில மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் எதைக் கேட்கக் காத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார்.

"வண்டி ஓட்டலாம்" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். நன்றி சொல்லவேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. பாதிப்பேர் மூன்று மாதத்தில் ஷூகூட வாங்கியிருக்க மாட்டார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா குண்டூசியின் தோளில் கை வைத்தார்.

"இவ தண்ணி குடிச்சா, டாக்டர்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குண்டூசிக்கு வந்த சிரிப்பில், அவளும் நன்றி சொல்ல மறந்துவிட்டாள்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தார்கள். அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணாடித் தூசி என்றார்.

மருத்துவமனை வாசலிலேயே பேருந்து நிறுத்தம். அவர்கள் தெருவுக்குப் போகிற வண்டி அப்போதுதான் வந்து நின்றது. படியில் கண்டக்டர் மாமா. அப்பாவுக்கு விடுமுறை என்பதால் அன்று வேறு ஓட்டுநரோடு வந்திருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று படியிலிருந்தே கேட்டார். ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார் என்றதும் வண்டியில் இருந்த எல்லோருக்கும் அந்தச் செய்தியை உரக்கச் சொன்னார். ஜன்னல் ஓரத்தில் இருந்த ஓர் அம்மாள் அப்பாவை அடையாளம் தெரிந்து கை ஆட்டினார்.

"சரி, ஏறுங்க. சீட்டு காலியா இருக்கு" என்றார் மாமா.

அப்பா பேருந்தைப் பார்த்தார். அப்புறம் குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி கையோடு கொண்டுவந்திருந்த வாத்து பாட்டிலின் மூடியைத் திருகி, இருந்த கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்தாள். வைப்பதற்கு அங்கே மேஜை இல்லை. தேவையும் இருக்கவில்லை.

"நீங்க போங்க. நாங்க நடந்து வர்றோம்" என்றார் அப்பா.

பேருந்து ஓட்டுகிறவரே பேருந்து வேண்டாம் என்றால் நான் யாருக்குத்தான் டிக்கெட் கொடுப்பது என்று மாமா புலம்பியபடி விசில் ஊதினார். வண்டி கிளம்பியது. அப்பாவும் மகளும் நடைபாதையில் நடந்தார்கள்.

அடுத்த முனையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. அதற்கும் முன்னால் சாலையில் எதையோ தோண்டிப் போட்டிருந்தார்கள். கார்களும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே மாமாவின் பேருந்தும் நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தார். தலையைத் திருப்பினால், பின்னாலிருந்து அப்பாவும் குண்டூசியும் வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா, கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள் குண்டூசி.

பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா நடையைக் குறைக்காமலே கையை ஆட்டிவிட்டு, அந்தப் பேருந்தைத் தாண்டி முன்னால் போனார்.